மூன்று முறை ஊதினார் சவரிமுத்து

செய்தி வந்தபோது பஸ் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி டிரிப். சோதனைச் சாவடிக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சவரிமுத்து அவர்களின் மகள் ஜெசிந்தா கைப்பேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். வரிசை நகர்ந்ததும் புதிய கண்டக்டர் பின்னாலிருந்து இரண்டு விசில் கொடுத்தார், நான் கியர் போட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காடு பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்திய பிறகுதான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். வண்டி ரிப்பேர் என்று நினைத்துப் பயணிகள் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவரிமுத்து அவர்கள் சேலம் – ஏற்காடு – கொட்டச்சேடு தடத்தில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கொட்டச்சேட்டில் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் ஒருவரின் மகன். அதே பஸ்ஸை ஓட்டுபவன் நான். பதினேழு ஆண்டுகள் நாங்கள் ஒன்றாக மலை ஏறி இறங்கினோம். அவர் இறந்ததற்கு ஒரு நோய் காரணம். அவர் பெயர் கெட்டதற்கு நான் காரணம். இறந்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என்னைப் பற்றி இவ்வளவு சொல்லக் கூடாதுதான். ஆனால் இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

முதலில் அவருடைய விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. இது எல்லாப் பஸ்ஸுக்கும் பொது. சவரிமுத்து அவர்களின் விசிலில் அதற்குள்ளேயே பல சேதிகள் இருக்கும். ஏறுபவர் வயதானவர் என்றால் இரண்டாவது விசில் சற்றுத் தாமதித்து வரும். பின்னால் எஸ்டேட் ஜீப் அவசரப்படுகிறது என்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணாடியைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். நாங்கள் வண்டியில் பேசிக்கொண்டதை விட விசிலில் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு நாள். பதினாலாவது வளைவில் பனிமூட்டம் பஸ்ஸின் முகப்பையே விழுங்கியிருந்தது. மேலிருந்து வந்த மர லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. நான் பின்னால் எடுத்தாக வேண்டும். அவர் இறங்கிப் போய்ப் பனிக்குள் மறைந்துவிட்டார். விசில் மட்டும் வந்தது. போ, போ, போ. திடீரென்று ஒற்றை விசில், கத்தி வைத்து அறுத்ததுபோல. பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. வண்டியில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க டிரைவரே, இன்னும் ஒரு முழம் பாக்கி இருக்குதுங்களே, அதுக்குள்ள எதுக்கு நின்னுட்டீங்க?" என்றார். அன்று முதல் அவர் எனக்குச் சவரிண்ணா. என்னை விட இரண்டு வயதுதான் மூத்தவர்.

அவரிடம் குறையும் உண்டு. பிடிவாதக்காரர். சில்லறை விஷயத்துக்கெல்லாம் பயணிகளோடு மல்லுக்கு நிற்பார். கோழியை மடியில் வைத்திருந்தால் சரி, காலடியில் விட்டால் சரியில்லை என்று அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டூட்டி போட்டால் மேனேஜரோடு சண்டை, ஏனென்றால் அன்று கோயிலில் வேதாகம வாசகம் வாசிப்பவர் அவர். குரல் அப்படி. ஒலிபெருக்கி வேண்டாம். குடிப்பழக்கம் கிடையாது. இதை இங்கே எழுதி வைப்பது அவசியமாகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் ஓட்டினோம். காலையிலிருந்து "ஏறுங்க, உள்ள போங்க, கோயிலுக்குப் போறவங்க ஏறுங்க" என்று கூவிக்கொண்டிருந்தவரின் குரல், மாலையில் மூக்கால் பேசுவதுபோல ஆகிவிட்டது. தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தோம். அன்று அன்னதானத்தில் சாப்பிடும்போது அவர் இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றார். "என்னங்கண்ணா, வாயி கழண்டு விழுந்துருமா?" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஏதோ உறுமல்போல இருந்தது. அதையும் நான் கேலி செய்தேன்.

பிறகு சில மாதங்களில் ஒரு கணக்கு எங்களுக்குப் பிடிபட்டது. காலையில் கொட்டச்சேட்டில் ஏறும்போது அவர் நன்றாக இருப்பார். மதியம் சேலத்து வெயிலில் இறங்கினால் இமை சரியும், நாக்கு குழறும், படியில் கால் தடுமாறும். மறுபடி மலை ஏறி, குளிர் காற்றுப் பட்டு, ஏற்காடு வந்து சேர்வதற்குள் கொஞ்சம் தெளிந்திருப்பார். இதைப் பார்த்த யாரும் வேறு என்ன நினைப்பார்கள்? கீழே போய்க் குடிக்கிறார், மேலே வருவதற்குள் போதை இறங்கிவிடுகிறது. பயணிகள் சொன்னார்கள். டைம் கீப்பர் சொன்னார். நானும் நம்பினேன். பதினாலாவது வளைவில் அவர் விசிலை நம்பிய நான், அவரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலத்தில் அவரோடு டீ குடிப்பதை நிறுத்திக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார்.

புகார் போனதும் கம்பெனியில் ஊதிப் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கினார்கள். ஒரு மே மாதத்தில், சேலத்தில் கடைசி டிரிப் புறப்படும் முன், செக்கிங் இன்ஸ்பெக்டர் அதை அவர் முன் நீட்டினார். சவரிமுத்து அவர்கள் வாங்கி ஊதினார். மெஷினில் சத்தம் வரவில்லை. அது நீளமாக ஊதினால்தான் பதில் சொல்லும். இரண்டாம் முறை ஊதினார். கன்னம் உப்பியது, உதடு மூடி நிற்கவில்லை, காற்று மூக்கு வழியாகப் போயிற்று. மூன்றாம் முறையும் அதேதான். பார்த்தவர்களுக்கு அது நடிப்பாகத்தான் தெரிந்தது.

"வெளையாடறியா? பதினேழு வருசமா விசில் ஊதறவனுக்கு இத ஊத வரலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சவரிமுத்து அவர்கள் ஏதோ சொன்னார். குழறலில் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு தாளில் 'சோதனைக் கருவியில் ஊத மறுத்தார்' என்று எழுதி, சாட்சி என்ற இடத்தைக் காட்டி என்னிடம் நீட்டினார். வண்டியில் ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பனி இறங்குவதற்குள் மலை ஏற வேண்டும் என்ற அவசரம் எனக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் குடித்திருக்கிறார் என்றே நான் நம்பினேன். கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தபோது, சவரிமுத்து அவர்கள் சரிந்த இடது இமையை ஆள்காட்டி விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கண் முக்கால்வாசி மூடியிருந்தது.

வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொட்டச்சேட்டில் அவருக்குப் புதுப் பெயர் வந்தது. குடிகாரக் கண்டக்டர். கோயிலில் யாரும் அவரைத் தடுக்கவில்லை, ஆனால் வாசகம் வாசிக்கப் போனபோது பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்களாம். அதன் பிறகு அவராகவே போவதை நிறுத்திவிட்டார். அவர் மனைவி லூர்துமேரி அவர்கள் கடைக்குப் போவதைக் கூடக் குறைத்துக்கொண்டார்.

நோய் என்று தெரிந்தது ஐந்து மாதம் கழித்து. ஜெசிந்தாதான் பிடிவாதமாகச் சேலத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மையார் கேள்விகள் கேட்டுவிட்டு, கையுறையில் பனிக்கட்டியைச் சுற்றி, சரிந்த இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்திருந்தாராம். எடுத்ததும் இமை தானாக மேலே ஏறியிருக்கிறது. "மேல ஏற்காட்டுல இருக்கற குளிர எடுத்து என்ற கண்ணு மேல வெச்சாங்க, அவ்வளவுதான்" என்றார் சவரிமுத்து அவர்கள், எனக்குச் சொன்னபோது. இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மயஸ்தீனியா என்ற நோய்.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். என்ன நோய் என்று தெரிந்துகொள்ள என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பொய்யாக இருக்காதா என்று பார்க்கப் போனேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூளையின் கட்டளை நரம்பு வழியே மின்சாரம்போல ஓடி வருகிறது. ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. மின்சாரம் அதைத் தாண்டாது. நுனியில் மிக மிகச் சிறிய பைகளில் அசிட்டைல்கொலின் என்ற இரசாயனம் இருக்கிறது. கட்டளை வந்ததும் பைகள் திறந்து அது இடைவெளிக்குள் கொட்டுகிறது. அதை வாங்கிக்கொள்ளத் தசையின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அவை வாங்கிக்கொண்டால்தான் தசை சுருங்கும். அந்த இடைவெளியிலேயே ஒரு நொதி இருந்துகொண்டு, கொட்டியதை உடனுக்குடன் உடைத்துச் சுத்தம் செய்கிறது, அடுத்த கட்டளை தெளிவாகக் கேட்க வேண்டுமே. மூளைக்குள்ளும் இதே கதைதான் என்றார். கோடிக்கணக்கான நரம்பணுக்கள், பெரும்பாலும் ஒன்றையொன்று தொடாமல், இரசாயனங்களைத் தூது விட்டே பேசிக்கொள்கின்றன. சில தூதுகள் அடுத்த அணுவைக் கிளப்பிவிடும், சில அடக்கி வைக்கும். நாம் நினைப்பது, நினைவில் வைப்பது எல்லாம் அந்த இடைவெளிகளைத் தாண்டித்தான் நடக்கிறது.

சவரிமுத்து அவர்களின் உடலில், கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புப் புரதங்களே வழி தவறி, தசையின் ஏற்பிகளை அடைத்து அழித்துக்கொண்டிருந்தன. ஓய்வெடுத்த தசைக்கு முதல் சில கட்டளைகள் எட்டிவிடும். வேலை செய்யச் செய்ய ஒவ்வொரு தரமும் கொட்டும் இரசாயனம் குறையும். நல்ல உடம்புக்கு அந்தக் குறைவு தெரியாது. ஏற்பிகளே குறைந்துபோன உடம்பில் கட்டளை போய்ச் சேராது. இமை, தாடை, நாக்கு, உதடு என்று ஒவ்வொன்றாகக் கேட்காமல் போகும். வெயிலில் இன்னும் மோசமாகும். மூச்சுத் தசைக்குப் போனால் ஆபத்து என்றார் மருத்துவர்.

திரும்பி வரும்போது நான் ஓட்டிய பஸ்ஸில் அவர் என்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நான் பின்னால, நீங்க முன்னால. ஒரு நாளாச்சும் நான் வந்து உங்க தோளத் தொட்டு, போலாம்னு சொல்லியிருக்கேனுங்களா?"

"இல்லீங்க."

"விசில்தான போகுது. எனக்கு விசில் அடிக்கறவன் நல்லாத்தான் அடிக்கறான். கேக்கறவன் காதுல பஞ்சு."

"பஞ்ச யாருங்கண்ணா வெச்சது?"

"வெளியாளு இல்லீங்க. என்ற ஒடம்பேதான் வெச்சுக்கிச்சு. டாக்டரம்மா குடுத்த இந்த மாத்திர பஞ்ச எடுக்காதுங்களாம். விசில் சத்தம் சீக்கிரம் அமுங்கிப் போகாம கொஞ்ச நேரம் காத்துலயே நிக்க வெக்குமாம். பஞ்ச எடுக்கறதுக்கு வேற மாத்திர. அது நொம்ப நாளாகுமுங்க."

வண்டி மூன்றாவது வளைவைத் தாண்டியது. அதன் பிறகுதான் கேட்டார். அவர் என்னிடம் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

"வேல வேண்டாமுங்க. என்னால இனி முடியாது. அந்தக் காயிதத்துல மறுத்தார்னு இருக்குதுங்களே, அத மட்டும் மாத்திக் குடுங்க. மூணு வாட்டி ஊதுனேனுங்க. நீங்க பாத்தீங்க."

"எழுதிக் குடுத்தர்றேங்கண்ணா" என்றேன்.

நான் எழுதத் தெரியாதவன் அல்ல. தடுப்புச் சுவர் இடிந்தால், வளைவில் விளக்கு எரியாவிட்டால், பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுபவன். ஏழெட்டுக் கடிதம் அச்சாகியும் இருக்கிறது. இந்த ஒரு தாள் எனக்கு எழுத வரவில்லை. அன்று போட்ட கையெழுத்து தவறென்றால் என் வேலை என்னாகும் என்ற பயம் ஒரு பக்கம். பொய்ச்சாட்சிக்காரன் என்று கொட்டச்சேட்டில் எனக்கும் ஒரு பெயர் வருமே என்ற பயம் இன்னொரு பக்கம். ஒரு நாள் எழுதியே விட்டேன். மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்தேன். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தும் போதெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். மூன்றாம் வாரம் என் மனைவி தெரியாமல் சட்டையைத் துவைத்துவிட்டாள். பைக்குள் கூழாக ஒரு வெள்ளை உருண்டை இருந்தது. அப்பாடா என்று நான் நினைத்ததை மறைக்க மாட்டேன்.

அவர் காலையில் மட்டும்தான் கைப்பேசியில் அழைப்பார். எழுந்ததும் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம், அப்போதுதான் குரல் அவருடைய குரலாக இருக்கும். பனி எப்படி, எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது என்றெல்லாம் கேட்பார். தாளைப் பற்றி நேராகக் கேட்க மாட்டார். "ஆபீசுப் பக்கம் போனீங்களா?" என்பார். "நாளைக்குப் போறேங்கண்ணா" என்பேன். "சரிங்க டிரைவரே, பாத்துப் போங்க" என்று வைத்துவிடுவார். அந்த நாளைக்கு எட்டு மாதம் நீண்டது. அவர் ஒரு தடவை கோபித்திருந்தால் கூட நான் போயிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் பழியை அவர் மேல் போடும் வேலைதான்.

இந்த மழைக்கு அவருக்குச் சளிக் காய்ச்சல் பிடித்தது. சாதாரண ஆளுக்கு இருமித் துப்பினால் தீரும். அவருக்கு இருமவே தெம்பில்லை. இரண்டாம் நாள் மூச்சு மேலோட்டமாகிவிட்டது. மலையிலிருந்து சேலத்துக்குக் கொண்டுபோய்ச் செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். மருத்துவர் தம்மால் ஆனதெல்லாம் செய்தார். ஒன்பது நாள்.

ஐந்தாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். தொண்டைக்குள் குழாய். அவருக்காக ஒரு மெஷின் ஊதிக்கொண்டிருந்தது. நினைவு இருக்கிறது, எல்லாம் கேட்கும், அசைக்கத்தான் முடியாது என்றார் நர்ஸ். டார்ச் அடித்துப் பார்ப்பதற்காக நர்ஸ் இடது இமையை விரலால் தூக்கினார். சேலம் பஸ் நிலையத்தில் அவரே தூக்கிப் பிடித்த அதே இமை. அந்தச் சில விநாடி சவரிமுத்து அவர்கள் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையில் கை வைத்து, "எழுதிக் குடுத்துட்டேங்கண்ணா, மாத்திட்டாங்க" என்றேன். பையில் ஒன்றும் இல்லை. நர்ஸ் விரலை எடுத்ததும் இமை மூடிக்கொண்டது. நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னை நன்றாக அறிந்தவர்.

செவ்வாய்க்கிழமை இரவே மறுபடி எழுதினேன். மூன்று வரிதான் வந்தது. புதன்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, அடக்கத்துக்கு முன் ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் படித்தார். நல்ல மனிதர்தான். "ஆளே போயிட்டாருங்க. பழைய ஃபைலெல்லாம் போன வருசமே எடைக்குப் போட்டாச்சு. இத எதுல சேக்கறது நான்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களே வெச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார். நான் பயந்து பயந்து எட்டு மாதம் மாற்றாமல் விட்ட தாள், அந்த எட்டு மாதமும் உலகத்திலேயே இருக்கவில்லை. குடிகாரன் என்ற பேச்சு மட்டும் இருந்தது. அது எந்த ஆபீஸிலும் இல்லை, அதனால் எங்கே போய் மாற்றுவது என்றும் தெரியவில்லை.

கொட்டச்சேட்டில் மாலை நான்கு மணிக்கு அடக்கம். பெட்டியைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் எனக்குக் கேட்கும்படியே, "பாவம், குடி நெஞ்சுல எறங்கிருச்சு" என்றார். நான் அவரிடம் திரும்பி, நரம்பின் நுனி, இடைவெளி, ஏற்பி என்று ஆரம்பித்தேன். அவர் தலையாட்டினார். எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஜெசிந்தா என் கையைப் பிடித்து, "விடுங்க மாமா" என்றாள். நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். மாமா என்று கூப்பிட்டதற்காக வருத்தப்படுவாள்.

பெட்டியை மூடப் போகும்போது பார்த்தேன். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த மாலையிலும் திறக்காத அந்த இடது கண் சற்றுத் திறந்திருந்தது. விரல் வைத்துத் தூக்கியதுபோலவே. லூர்துமேரி அவர்கள் குனிந்து, "சாயங்காலம் ஆச்சுன்னா இந்தக் கண்ணு மூடிக்குமுங்க. இன்னிக்கு என்னமோ" என்று சொல்லி, அதைத் தடவி மூடினார். கையை எடுத்ததும் அது மறுபடி கொஞ்சம் திறந்துகொண்டது. அப்படியே வைத்துப் பலகையைப் போட்டார்கள்.

சவரிண்ணா, மேனேஜர் திருப்பிக் கொடுத்த தாளில் இருந்ததை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு இனி இது உதவாது. வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கண்டக்டர் சவரிமுத்து அன்று குடித்திருக்கவில்லை. கருவியில் ஊத மறுக்கவில்லை. மூன்று முறை ஊதினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.